தொடக்கப் பள்ளியில் கைக்கணினி: கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிப்பட்டினத்திலிருந்து மண்டபம், பாம்பன் வரையிலும், தெற்கே கீழக்கரை, வாலிநோக்கம் வரையிலும் உள்ள கடலோர ஊர்களில் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் பள்ளிகள் பல உண்டு. அத்தகைய பள்ளியொன்றில் பாடம் நடத்துகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், பிள்ளையை விட வரும் தாய்மார்களிடமும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடமும் கைக்கணினி (டேப்லெட்) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டேப்புன்னா பெரிய போன்தானே சார்?

உள்ளே இருக்கும் பாகங்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் திரை எட்டு முதல் பத்து அங்குலம் வரை இருப்பதால், இரண்டு பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்து ஒரே பக்கத்தைச் சிரமமின்றிப் படிக்க முடியும். சிம் கார்டு இல்லாமலே வேலை செய்வதால் அழைப்பு, குறுஞ்செய்தி போன்ற தொந்தரவு கிடையாது. எந்தச் செயலியைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதை ஆசிரியர் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கலாம்.

வீட்டுல போனைப் பிடுங்குறதே பெரும்பாடா இருக்கு. பள்ளிக்கூடத்துலயும் அதையே குடுத்தா எப்படி?

இந்தப் பயம் நியாயமானது. இதைக் கேட்கும் தாய்மாரை விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கக் கூடாது. வீட்டில் பிள்ளை பார்க்கும் காணொளிக்கு முடிவு கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்து நிற்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். பள்ளியில் கொடுக்கும் வேலைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்க வேண்டும்: ஒரு கதைப் பக்கம், பத்துக் கழித்தல் கணக்கு, அவ்வளவுதான்; முடிந்ததும் கருவி பெட்டிக்குள் போய்விட வேண்டும். காணொளிச் செயலிகளும் இணைய உலாவியும் பிள்ளைகள் கைக்கு வரும் கருவியில் இருக்கவே கூடாது.

எங்கள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கைக்கணினியில் படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். அவள் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படித்துவிட்டு, தன் குரலைத் தானே திரும்பக் கேட்டதும் முகம் சுளித்து, நாக்கை மடித்து மறுபடியும் சொல்வாள். பிறகு கருவியை வைத்துவிட்டு, தடுமாறிய சொற்களை நோட்டில் எழுதுவாள். ஆசிரியர் பதிவேடு எழுதும் நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பதற்காகக் கார்ட்டூன் ஓடவிடும் பள்ளி எதுவாயினும், அங்கே பெற்றோர் எழுந்து கேள்வி கேட்பதுதான் முறை.

எம்புள்ள வாப்பாகூட தினமும் வீடியோ கால் பேசுறான், போன்ல எல்லாம் அவனுக்கே தெரியுது. இன்னும் என்ன சொல்லிக் குடுப்பீங்க?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாட்டில் இருக்கும் தந்தையின் முகத்தைத் திரையில் பார்த்தே வளர்கிறார்கள். அவர்கள் விரலுக்குத் திரை நன்றாகப் பழகியிருப்பது உண்மை. திரையைத் தள்ளத் தெரிவது வேறு, அதில் வரும் நான்கு வரிப் பத்தியைப் படித்துவிட்டு அதில் என்ன நடந்தது என்று சொந்தமாகச் சொல்லத் தெரிவது வேறு. நாங்கள் சொல்லிக் கொடுப்பது பின்னதை.

பிள்ளை உரக்கப் படிப்பதை வாரம் ஒருமுறை ஒலிப்பதிவாகத் தாயின் எண்ணுக்கு அனுப்புகிறோம். வாப்பா அங்கே அதைக் கேட்டுவிட்டு இரவு அழைப்பில் அதே கதையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறார் என்றால், அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் தயாராக வருகிறது.

நாளைக்கு எவ்வளவு நேரம் குடுக்கலாம்? ஒண்ணாம் வகுப்புக்கும் உண்டா?

பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு இணைய வகுப்புகளுக்கு மேல் கூடாது என்றது. அது வேறு வழியில்லாத காலத்துக்கான உச்ச வரம்பு. பள்ளி திறந்திருந்து, ஆசிரியரும் கரும்பலகையும் எதிரில் இருக்கும்போது அதில் கால் பங்கு கூடத் தேவைப்படாது. ஒரு பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் என்பது என் கணிப்பில் போதுமானது.

ஒன்றாம் வகுப்புக்கு முதல் பருவத்தில் வேண்டாம். மணலில் விரலால் எழுதுவதும், சோழியும் சிப்பியும் எண்ணுவதும், கதை கேட்பதும் முடிந்து, எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு கொடுக்கலாம்.

ஆளுக்கு ஒண்ணு இருந்தாத்தானே பிரயோசனம்? ஆறு டேப்பை வச்சு நாப்பது பிள்ளைங்களுக்கு என்ன செய்ய?

ஆளுக்கு ஒன்று என்பது சிறிய பள்ளிக்குத் தேவையே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஈராசிரியர் பள்ளியின் உண்மையான சிக்கல், ஒரே அறையில் மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் ஒரு வகுப்போடு பேசும்போது மற்ற இரண்டும் காத்துக் கிடப்பதுதான். 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்களின் கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறது. அந்தப் பிரிவையே கைக்கணினிக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆசிரியர் அரும்பு நிலைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்தட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இருபது நிமிடத்தில், மொட்டு நிலைப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்றாகக் கைக்கணினியில் படிக்கட்டும். மலர் நிலையினர் பயிற்சி நூலில் எழுதட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும்.

இருவருக்கு ஒன்று என்பதில் இன்னொரு நன்மை உண்டு. ஒருவர் படிக்க மற்றவர் கேட்டுத் திருத்துவதால் வாயும் காதும் சேர்ந்து வேலை செய்கின்றன. தனித்தனியாகக் கொடுத்த அறையில் பேச்சு நின்றுபோகிறது. தொடக்கப் பள்ளியில் பேச்சு நிற்பது நல்லதல்ல. கையில் வைத்திருக்கும் பிள்ளையே முழு நேரமும் வைத்துக்கொள்வது மட்டுமே இதில் வரும் தொல்லை. பக்கம் முடிந்ததும் கை மாற வேண்டும் என்ற விதியை முதல் வாரத்திலேயே பழக்கிவிட வேண்டும்.

கவர்மென்ட்டுதான் டீச்சருக்கெல்லாம் டேப் குடுத்திருக்கே, அது பத்தாதா?

தமிழக அரசு ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும், தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் வழங்கியுள்ளது. ஆசிரியர் கையில் உள்ள கருவி மதிப்பீடுகளைப் பதிவதற்கும் பாடம் தயாரிப்பதற்கும் உரியது. அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் அந்த வேலைகள் நின்றுவிடும். திறன்மிகு வகுப்பறையின் பெரிய திரை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கு நல்லது. ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டுப் படித்துப் பழகுவதற்குத்தான் கைக்குள் அடங்கும் திரை வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன இருவர் முறைக்கு ஐந்தாறு கருவிகள் போதும்.

எங்க ஊருல கடலுக்குப் பக்கத்துல நின்னாத்தான் சிக்னலே வருது. நெட் இல்லாம ஓடுமா?

ஓடும், இணையம் இல்லாமல் ஓடுவதுதான் நல்லதும் கூட. கதைகள், ஒலிப்பதிவுகள், கணக்குப் பயிற்சிகள் ஆகியவற்றை ஆசிரியர் இராமநாதபுரத்திலோ சிக்னல் கிடைக்கும் வேறு இடத்திலோ மாதம் ஒருமுறை தரவிறக்கி, மெமரி கார்டு வழியாக எல்லாக் கருவிகளுக்கும் ஏற்றிவிடலாம். இணைய வசதி இல்லாத பள்ளிகளுக்கென்றே உருவான ‘கோலிப்ரி’ என்ற இலவச மென்பொருளை ஒரு மடிக்கணினியில் நிறுவினால், அறைக்குள் இருக்கும் கைக்கணினிகள் வைஃபை மூலம் அதிலிருந்து பாடங்களை எடுத்துக்கொள்ளும். வெளி இணைப்பு வேண்டாம். இணையம் இல்லாத கருவியில் வேண்டாத விளம்பரமும் வராது என்பது பெற்றோருக்கு ஓர் ஆறுதல்.

எந்தெந்த ஆப் போடணும் சார், ஒரு லிஸ்ட் குடுங்களேன்.

பட்டியல் நீளக் கூடாது. படிப்பதைக் காதால் கேட்டுத் திருத்தும் செயலி ஒன்று வேண்டும்; கூகுள் நிறுவனம் 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் வெளியிட்டுப் பின்னர் ‘ரீட் அலாங்’ என்று மாற்றியது அந்த வகையைச் சேர்ந்தது, தமிழுக்கும் உண்டு. கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம் இருக்கிறது. அதிலுள்ள தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாகப் பிரிக்கப்பட்டவை; கட்டணமின்றித் தரவிறக்கலாம். பாடநூலில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியீடுகளை மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ செயலி வழியாகத் திறந்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொளிகள் கிடைக்கும். எளிய கணக்குப் பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் கருவியோடு இலவசமாகவே வரும் ஒளிப்படக் கருவியையும் ஒலிப்பதிவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பிள்ளைகளை மிகவும் எழுத வைத்தவை இவை இரண்டும்தான். கரைக்கு வந்த காரல், நகரை, சூடை, கணவாய் ஆகியவற்றைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரையும், எந்த வலையில் கிடைத்தது என்பதையும் நான்காம் வகுப்பினர் எழுதினார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற நான்கு காற்றும் எந்தத் திசையிலிருந்து வரும், எந்தக் காற்றில் கடல் எப்படி இருக்கும் என்று ஒரு தாத்தா சொன்னதைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நோட்டில் முழு வாக்கியங்களாக எழுதினார்கள். ‘கச்சான்’ என்று எழுதும்போது ஒற்று வருமா வராதா என்று அவர்களுக்குள் நடந்த வாதத்தை எந்தச் செயலியாலும் உண்டாக்கியிருக்க முடியாது.

டேப்புல படிச்சா கையெழுத்து போயிடாதா?

கருவியோடு நோட்டும் பென்சிலும் சேர்ந்து வராவிட்டால் போய்விடும். எழுத்தின் வடிவம் கை அசைவின் வழியாகத்தான் மனத்தில் பதிகிறது. திரையில் சரியான எழுத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு ‘ண’வும் ‘ன’வும் கண்ணால் பழகுமே தவிர, எழுதச் சொன்னால் சுழி எத்தனை என்று திகைக்கும். ஆகவே கைக்கணினியில் இருபது நிமிடம் என்றால், அதைத் தொடர்ந்து நோட்டில் பத்து நிமிடமாவது எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தமிழ்ல டைப் அடிக்கச் சொல்லிக் குடுக்கலாமா?

நான்காம், ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக மாற்றும் முறையை வைக்காதீர்கள். தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் அது பிள்ளையை ஆங்கில வழியாகச் சுற்றிவிடுகிறது. தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமும் இருக்கின்றன. ‘க’வைத் தட்டி ‘ஆ’வைத் தட்டினால் ‘கா’ வருகிறது. வகுப்பில் உயிர்மெய் கற்றுத்தரும் முறையும் இதுவே என்பதால் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். ‘செல்லினம்’ செயலியில் இந்த விசைப்பலகை கிடைக்கிறது.

உப்புக் காத்துல சைக்கிளே துருப்பிடிச்சுப் போகுது. இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

நம் கடற்கரையில் இதுதான் முதன்மையான கேள்வி. வெளியூரிலிருந்து கருவி கொடுக்க வருபவர்கள் எவரும் இதை யோசிப்பதில்லை. காற்றில் வரும் உப்பு மெல்லிய படலமாகப் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தாங்கிவிடும். முதலில் கெடுவது சார்ஜ் செருகும் துளையும் ஹெட்போன் துளையுமே. அங்குள்ள உலோக முனைகளில் களிம்பு ஏறியதும் சார்ஜ் ஏறுவது விட்டுவிட்டு வரும், பிறகு நின்றுவிடும். ரப்பர் மூடி உள்ள உறையாகப் பார்த்து வாங்கி, சார்ஜ் போடாத நேரமெல்லாம் துளையை அடைத்து வையுங்கள். துளையை மாதம் ஒருமுறை உலர்ந்த மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரம் இருப்பதாகச் சிறிது ஐயம் வந்தாலும் அன்று சார்ஜ் போட வேண்டாம். உப்பு நீர் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு மிக விரைவாக நடக்கும்.

இரவில் கருவிகளை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். நிறம் மாறும் வகையை வாங்கினால், ஈரம் குடித்த பிறகு நீலம் இளஞ்சிவப்பாவது கண்ணுக்குத் தெரியும். சூடாக்கி உலர்த்திவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது கட்டாயம். ஆனால் மூடிய டப்பாவுக்குள் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது, சூடு வெளியேறாது.

மணலையும் மறக்காதீர்கள். மணல் துகள் கண்ணாடியைக் கீறும் அளவுக்குக் கடினமானது. அப்படியே துணியால் தேய்த்தால் திரை முழுவதும் கோடு விழும். முதலில் ஊதித் தட்டிவிட்டு, பிறகு சற்றே ஈரமான மெல்லிய துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். வகுப்புக்கு முன் கை கழுவித் துடைப்பதும் இதில் அடக்கம்.

கரண்ட் பில்லு ஏறுமா? கரண்ட் போச்சுன்னா என்ன செய்ய?

பத்து அங்குலக் கைக்கணினியின் பேட்டரியில் அடங்குவது ஏறத்தாழ 27 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்). வீணாவதையும் சேர்த்து ஒருமுறை முழுமையாகச் சார்ஜ் ஏற 35 வாட் மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு கருவிகளுக்கும் சேர்த்துக் கால் யூனிட்டுக்கும் குறைவு. நாளுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்பதால், ஒரு நாள் மின்தடை வகுப்பைப் பாதிக்காது.

வெப்பம்தான் பேட்டரிக்கு எதிரி. தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் சுவரையொட்டிய இரும்பு பீரோவில் வைக்காதீர்கள். கோடை விடுமுறைக்கு முன் பாதி அளவு சார்ஜில் அணைத்து வைத்துவிட்டு, இடையில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முழுவதும் இறங்கிய நிலையில் இரண்டு மாதம் கிடந்தால் சில பேட்டரிகள் மறுபடி எழுவதில்லை.

கண்ணு கெட்டுப்போகும்னு சொல்றாங்களே?

முன்பு சொன்ன கால அளவுக்குள் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. திரையை முகத்துக்கு நேராக ஒட்டி வைத்துக்கொள்ளாமல் முழங்கை தூரத்தில் மேசைமேல் சாய்த்து வைப்பதும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்வையை நிறுத்துவதும் நல்ல பழக்கம். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனவே விளையாட்டு வேளையை வெட்டிக் கைக்கணினி வேளை ஆக்கிவிடக் கூடாது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையைக் கைக்கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளிக்காமல் முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

லீவுல வீட்டுக்குக் குடுத்து விடலாமா? உடைஞ்சா யாரு பணம் கட்டுறது?

வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. தந்தை இரவில் தொழிலுக்குப் போய், தாய் விடியுமுன் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் வீட்டில் அதைக் காத்துக்கொண்டிருக்க யாருமில்லை. அந்தச் சுமையை ஒரு குடும்பத்தின் தலையில் வைப்பது தவறு. பள்ளியில் உடைந்தால் பெற்றோரிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. இதை மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே எழுதி வைத்துவிடுங்கள். ஏலத்தில் மீன் விலை விழுந்த வாரத்தில் ஐயாயிரம் ரூபாய் கேட்டால், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது.

பிள்ளைங்க போட்டோவையும் பேச்சையும் பதிவு பண்றீங்களே, அது எங்க போகுது?

கேட்க வேண்டிய கேள்வி. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பதிவுகள் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். பருவ முடிவில் அழித்துவிட வேண்டும். மேலே சொன்ன வாராந்தர ஒலிப்பதிவு அந்தந்தத் தாயின் எண்ணுக்கு மட்டும் போகிறது, வாட்ஸ்ஆப் குழுவுக்கு அல்ல. செயலிகளில் பிள்ளையின் முழுப் பெயர், பிறந்த தேதி கேட்டால் கொடுக்காதீர்கள். ‘மொட்டு 3’ என்று கொடுத்தாலும் செயலி வேலை செய்யும்.

டேப்பே சொல்லிக் குடுத்தா, நாளைக்கு ஒரு வாத்தியார் போதும்னு சொல்லிட மாட்டாங்களா?

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். கைக்கணினியின் எண்ணிக்கையை வைத்து அதைக் குறைக்க அச்சட்டத்தில் இடமில்லை. நடைமுறையிலும் கருவி வந்த பிறகு ஆசிரியருக்கு வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், பிறகு ஒவ்வொருவரையும் அருகில் அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். செயலி பச்சைக் குறி போட்டதாலேயே பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று ஏற்றுக்கொள்ள முடியாது.

உண்மையிலேயே படிப்பு ஏறுமா? இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?

இரு பக்கமும் ஆதாரம் உண்டு. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மலிவு விலை மடிக்கணினி வழங்கும் பெருந்திட்டம் நடந்தது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது, ஆனால் அதைப் பாடத்தோடு இணைத்து நடத்துவதற்கான வழி போய்ச் சேரவில்லை. மாறாக, டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த பயிற்சி மையங்களில், ஒவ்வொரு மாணவரும் எந்த நிலையில் நிற்கிறாரோ அங்கிருந்தே கேள்வி தொடங்கும் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தியதில், நான்கரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அந்த மையங்களில் பாதி நேரம் கணினி, பாதி நேரம் ஆசிரியர் ஒருவரோடு சிறு குழுவாகப் படிப்பு. அந்த மாணவர்கள் பெரும்பாலும் நடுநிலைப் பள்ளி வகுப்பினர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் பள்ளிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பிள்ளையின் நிலைக்கேற்ற பாடமும் அருகில் ஓர் ஆசிரியரும் சேர்ந்தால்தான் பலன் என்பது. இருவர் முறையைப் பற்றிச் சொன்னபோது அரும்பு, மொட்டு, மலர் பிரிவை வலியுறுத்தியது இதனால்தான். பலன் வருகிறதா என்று பார்க்கச் செயலியின் மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். பருவத் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக, பிள்ளை இதற்கு முன் பார்த்திராத அச்சுப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தர் இருபது டேப் வாங்கித் தர்றேங்குறாரு. சரின்னு சொல்லலாமா?

உடனே சரி என்று சொல்லாதீர்கள். நன்கொடை தருபவர் நல்ல மனத்தோடுதான் வருகிறார். ஆனால் இருபது கருவிக்கான தொகையில் எட்டுக் கருவிகளும், ரப்பர் மூடி உள்ள உறைகளும், ஹெட்போன்களும், பல முனைச் சார்ஜ் பலகையும், பூட்டக்கூடிய மர அலமாரியும், இரண்டு ஆண்டுப் பழுதுச் செலவும், ஐம்பது அறுபது அச்சிட்ட கதைப் புத்தகங்களும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். அரசுப் பள்ளிக்கான நன்கொடைக்கு 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் ஒரு முறையான வழி. எந்த வழியில் வந்தாலும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, மேலாண்மைக் குழுவின் பார்வைக்கு வைத்துவிட வேண்டும்.

பழைய கருவி என்றால் இரண்டு சோதனை செய்யுங்கள். முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பின்புறம் உப்பியிருக்கிறதா என்று மேசைமேல் மல்லாத்தி வைத்துப் பாருங்கள்; ஆடினால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதை வகுப்பறைக்குள் கொண்டுவரவே வேண்டாம், அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.